அமெரிக்கச் சமூகத்தில் துப்பாக்கி: உரிமையா, வணிகமா, அச்சமா? (விவாத இழை)

வைகைக்கரையான்:

அமெரிக்காவில் ஏதேனும் ஒரு பள்ளியிலோ கடைவீதியிலோ துப்பாக்கிச் சூடு நடந்த செய்தி வந்தவுடன், "இத்தனை உயிர் போன பிறகும் இவர்கள் ஏன் இதை விட மறுக்கிறார்கள்?" என்று நாம் கேட்டுக்கொள்கிறோம். நிறுவனங்களின் பணபலம் என்றும், கௌபாய்க் காலத்து முரட்டுக் குணம் இன்னும் போகவில்லை என்றும் இரண்டு விடைகள் எப்போதும் தயாராக இருக்கின்றன. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் அவை போதா. அந்நாட்டில் துப்பாக்கி வைத்திருக்கும் தகுதி, தொடக்க காலம் முதலே, முழுக் குடிமகனாக மதிக்கப்படும் தகுதியோடு பின்னிக்கிடக்கிறது என்பது என் கருத்து. அதனால்தான் அதைக் கட்டுப்படுத்தும் பேச்சு எழும்போதெல்லாம், தம்மையே தரம் தாழ்த்துவதாக எண்ணிப் பலர் கொதிக்கிறார்கள்.

ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பேசும், 1791இல் நிறைவேறிய இரண்டாம் சட்டத்திருத்தத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அடுத்த ஆண்டு வந்த குடிப்படைச் (சாதாரணக் குடிமக்களைக் கொண்டே திரட்டும் படை) சட்டத்தை யாரும் பேசுவதில்லை. உடல்வலிமையுள்ள, சுதந்திரமான, வெள்ளையினக் குடிமகன் ஒவ்வொருவனும், 18 வயது முதல் 45 வரை, தன் சொந்தச் செலவில் ஒரு துப்பாக்கியும் வெடிமருந்தும் வைத்திருந்தாக வேண்டும் என்று அது கட்டளையிட்டது. அதாவது அன்று அது உரிமை என்பதைவிடக் கடமையாகவே இருந்தது. அந்தக் கடமைக்கு உரியவர் யார் என்பதும் அதே வரியில் தீர்மானிக்கப்பட்டது.

பிறகு நடந்தவற்றைப் பாருங்கள். அடிமையாக இருந்த டிரெட் ஸ்காட் விடுதலை கோரித் தொடுத்த வழக்கின் 1857ஆம் ஆண்டுத் தீர்ப்பில் தலைமை நீதிபதி டேனி, கறுப்பினத்தவரைக் குடிமக்களாக ஏற்றால் என்னென்ன நேரும் என்று அடுக்கியபோது, அவர்கள் விரும்பிய இடத்துக்கெல்லாம் ஆயுதம் ஏந்திச் செல்வார்களே என்பதையும் சேர்த்தே எழுதினார். உள்நாட்டுப் போர் முடிந்த 1865ஆம் ஆண்டிலேயே, விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று மிசிசிப்பி மாநிலம் சட்டம் இயற்றியது. 1873இல் லூசியானாவின் கோல்ஃபாக்ஸ் என்ற ஊரில் வெள்ளையின ஆயுதக் கும்பல் கறுப்பினத்தவரைக் கூட்டமாகக் கொன்றது. அதில் தண்டிக்கப்பட்டவர்களை 1876இல் விடுவித்த உச்ச நீதிமன்றம், இரண்டாம் திருத்தம் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று கூறிவிட்டது. கும்பல் கொலைகளுக்கு எதிராக வாழ்நாள் முழுவதும் எழுதிய ஐடா பி. வெல்ஸ், 1892இல், ஒவ்வொரு கறுப்பினத்தவர் வீட்டிலும் ஒரு வின்செஸ்டர் ரைபிளுக்கு மரியாதைக்குரிய இடம் தரப்பட வேண்டும் என்று எழுதியதை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். அறவழிப் போராட்டத்தின் முகமாகிய மார்ட்டின் லூதர் கிங்கூட, 1956இல் தம் வீட்டின்மீது குண்டு வீசப்பட்ட பிறகு, துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். அலபாமா அதிகாரிகள் மறுத்தார்கள்.

நண்பர்கள் தம் கருத்தை எழுத வேண்டுகிறேன்.

இளவெயினி:

வைகைக்கரையான் ஐயா, நீங்கள் தொகுத்த வரலாற்றில் நான் மறுக்க ஒன்றும் இல்லை. ஆனால் அது சட்டத்தின் வரலாறு. ஓஹையோவில் வாழும் ஒரு சாதாரண மனிதர் படுக்கையறை மேசை இழுப்பறையில் ஒரு கைத்துப்பாக்கியை வைத்துக்கொண்டு தூங்குவதற்கு டிரெட் ஸ்காட் தீர்ப்பு காரணமாக இருக்க முடியாது. அந்த ஆசையை யாரோ உருவாக்கினார்கள், விற்றார்கள்.

பிற்காலத்தில் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் தொழிற்சாலை நடத்திய சாமுவேல் கோல்ட், 1836இல் ரிவால்வருக்குக் காப்புரிமை பெற்றபோது, அதை வாங்க ஆள் வரிசையில் நிற்கவில்லை. அவருடைய முதல் நிறுவனம் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. பின்னாளில் அவர் வேலைப்பாடு மிக்க துப்பாக்கிகளை மன்னர்களுக்கும் தளபதிகளுக்கும் பரிசாக அனுப்பி, 1851ஆம் ஆண்டின் லண்டன் கண்காட்சியில் கடை விரித்து, தம் பெயரையே விற்பனைச் சரக்காக மாற்றினார். உள்நாட்டுப் போர் முடிந்து அரசின் கொள்முதல் நின்றபோது, துப்பாக்கி நிறுவனங்கள் பிழைப்புக்கு வெளிநாட்டுப் படைகளை நாடின. வின்செஸ்டர் ஒட்டோமான் பேரரசுக்கு விற்றது. ரெமிங்டன் தன் இலியன் தொழிற்சாலையில் 1873 முதல் தட்டச்சுப் பொறி செய்யத் தொடங்கியது. நாடே துப்பாக்கிக்கு ஏங்கியிருந்தால் துப்பாக்கிக்காரர் தட்டச்சுப் பொறி செய்ய வேண்டிய தேவை என்ன? "மேற்கை வென்ற துப்பாக்கி" என்ற புகழ்பெற்ற வாசகமும், மேற்குப் பகுதியில் குடியேற்றம் முடிந்த பிறகு, இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட விளம்பரம்தான்.

அந்த மேற்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1881 அக்டோபர் 26 அன்று அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊரில் நடந்த ஓ.கே. கொரால் மோதலை வீரகதையாகக் கொண்டாடுகிறார்கள். ஊருக்குள் வருபவர் ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும் என்ற நகராட்சி விதி அங்கே இருந்தது. அதை மீறி ஆயுதத்தோடு திரிந்தவர்களிடமிருந்து பறிமுதல் செய்யப் போன இடத்தில்தான் சுடுதல் நடந்தது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டை நடைமுறைப்படுத்திய ஒரு காவல் நடவடிக்கையை, துப்பாக்கிச் சுதந்திரத்தின் அடையாளமாகத் திரித்து வைத்திருக்கிறார்கள். இதைவிடப் பெரிய விளம்பர வெற்றி வேறென்ன இருக்க முடியும்?

டெக்சாஸ் அன்பன்:

இருவர் எழுதியதையும் படித்தேன். நான் டெக்சாஸில் வசிப்பவன்; துப்பாக்கி வைத்திருப்பவன் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்ல வேண்டாம்.

நூல்களில் படிப்பதற்கும் இங்கே வாழ்வதற்கும் வேறுபாடு உண்டு. துப்பாக்கி இங்கே பரபரப்பான பொருள் அல்ல. மளிகைக் கடையின் கண்ணாடிக் கதவில், ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும், ஓர் அங்குல உயர எழுத்துகளில், தண்டனைச் சட்டத்தின் 30.06, 30.07 பிரிவுகளின்படி துப்பாக்கியுடன் உள்ளே வரக் கூடாது என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். முதல் பிரிவு மறைத்துக் கொண்டுவருவோருக்கு, இரண்டாவது வெளிப்படையாக இடுப்பில் தொங்கவிட்டு வருவோருக்கு. நம்மவர்கள் பொங்கல் விழா நடத்த வாடகைக்கு எடுக்கும் அரங்கின் வாசலிலும் அதே அறிவிப்பைக் கண்டிருக்கிறேன். புதிதாக வந்தவர் திடுக்கிட்டு நின்று படிப்பார். ஓராண்டு கழிந்தால் காலணியைக் கழற்றச் சொல்லும் பலகையைப் போல அதைக் கடந்து போவார். 2021 செப்டம்பர் முதல் 21 வயது நிரம்பிய பெரும்பாலோருக்கு உரிமமே தேவையில்லை.

கடையில் வாங்கும் முறையையும் சொல்கிறேன், ஏனெனில் இதைப் பற்றித் தவறான எண்ணங்கள் பல உள்ளன. 4473 என்ற எண் கொண்ட மத்திய அரசின் படிவத்தை நிரப்ப வேண்டும். இத்துப்பாக்கியை உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா, பெருங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றதுண்டா, கஞ்சா பயன்படுத்துகிறீர்களா என்று கேள்விகள் வரிசையாக வரும். உங்கள் மாநிலம் கஞ்சாவை அனுமதித்திருந்தாலும் மத்தியச் சட்டப்படி அது குற்றமே என்ற எச்சரிக்கையும் அருகில் இருக்கும். கடைக்காரர் விவரங்களை எஃப்.பி.ஐ.யின் சரிபார்ப்பு அமைப்புக்கு அனுப்புவார். பெரும்பாலும் சில நிமிடங்களில் விடை வந்துவிடும். ஆனால் அண்டை வீட்டுக்காரர் தம் பழைய துப்பாக்கியை உங்களுக்கு விற்றால், இந்த மாநிலத்தில் இவை எதுவும் தேவையில்லை. ஆதரிப்பவனாகிய எனக்கே இது ஒவ்வாத விதிதான்.

நான் ஏன் வாங்கினேன்? எங்கள் வீடு ஊருக்கு வெளியே இருக்கிறது. காவலர் வந்து சேர நேரமாகும். இதற்குமேல் தத்துவம் எதுவும் என்னிடம் இல்லை.

பரிதி:

ஓர் ஐயம். எச்1பி விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்க முடியுமா? முடியாது என்றே கேள்விப்பட்டிருக்கிறேன்.

டெக்சாஸ் அன்பன்:

பொதுவாக முடியாது, தம்பி. குடியேற்றம் சாராத விசாவில் இருப்போர் துப்பாக்கி வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் அதில் ஒரு விலக்கு உண்டு: ஏதேனும் ஒரு மாநிலம் முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் வாங்கலாம். நிரந்தர வதிவாளர்களுக்கு, அதாவது கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு, இந்தத் தடையே இல்லை. மாநிலச் சட்டங்கள் வேறுபடும் என்பதால், வழக்கறிஞரைக் கேட்காமல் எதிலும் இறங்கிவிட வேண்டாம்.

வைகைக்கரையான்:

நண்பர் அன்பன் போகிற போக்கில் சொன்ன இந்தச் செய்தி என் வாதத்துக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது. தற்காலிகமாகத் தங்குபவனுக்குத் தற்காப்பு என்ற காரணம் செல்லாது, வேட்டைக்காரன் என்ற தகுதியில் மட்டும் அவன் உள்ளே வரலாம். குடிமகனுக்கோ, 2008இல் ஹெல்லர் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது, குடிப்படையோடு தொடர்பில்லாத தனிமனித உரிமையாகிவிட்டது. 2022இல் புரூன் வழக்கு அவ்வுரிமையைத் தெருவுக்கும் நீட்டித்தது. களவும் கொலையும் விசாவைப் பார்த்தா வருகின்றன?

சோலைமலை:

நான் பென்சில்வேனியாவில் நெடுங்காலமாக வாழ்பவன். வேட்டை என்று பேச்சு வந்ததால் எழுதுகிறேன். இந்த இழையில் அது இன்னும் உரிய அளவில் பேசப்படவில்லை.

எங்கள் பகுதியில் மான் வேட்டைப் பருவம் பல பத்தாண்டுகளாக நன்றி நவிலும் நாளுக்கு (தேங்க்ஸ்கிவிங்) அடுத்த திங்கட்கிழமை தொடங்கியது. அன்று பல பள்ளிகளுக்கு விடுமுறை விட்டுவிடுவார்கள். விடுமுறை இல்லாத அலுவலகத்திலும் பாதி இருக்கைகள் காலியாகக் கிடக்கும். 2019இல்தான் தொடக்க நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள், அதற்கே ஊரில் பெரிய சச்சரவு எழுந்தது. பாட்டனார் பயன்படுத்திய ரைபிள், கட்டையில் தேய்ந்த தழும்போடு, பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பேரனின் கைக்கு வரும். விடியலுக்கு முன் அவனைக் காட்டுக்கு அழைத்துப் போய், சுடுகுழலை எந்தப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும், விசையின்மேல் எப்போது விரல் வைக்கக் கூடாது என்று முதலில் சொல்லித் தருவார்கள், சுடுவது பிறகுதான். உடன் பணிபுரிந்த ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் மான்கறியைப் பொட்டலம் கட்டி எனக்குக் கொடுப்பார். நாங்கள் அதை மிளகும் பட்டையும் அரைத்து வறுப்போம். 1937ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி, ரைபிள்கள்மீதும் தோட்டாக்கள்மீதும் 11 விழுக்காடு வரி விதித்து அந்தப் பணத்தைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குச் செலவிடுகிறார்கள். துப்பாக்கி வாங்குபவரின் பணத்தில் காடு பாதுகாக்கப்படுவதைப் பற்றி நகரத்து விமர்சகர்கள் வாய் திறப்பதில்லை.

இளவெயினி அவர்கள் சொல்லும் விளம்பர உலகம் இந்தப் பண்பாட்டை உருவாக்கியதாக நான் ஏற்கவில்லை. இதை அது விழுங்கிவிட்டது என்றால் ஏற்பேன். தேசிய ரைபிள் சங்கம் 1871இல் உருவானது, உள்நாட்டுப் போரில் வடபுலப் படைவீரர்கள் குறி தவறிச் சுட்டதைக் கண்டு மனம் வெதும்பிய அதிகாரிகளால். 1934இல் இயந்திரத் துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தபோது அதன் தலைவர் கார்ல் ஃபிரெடெரிக் நாடாளுமன்றக் குழுவின் முன் நின்று, கண்டவரெல்லாம் துப்பாக்கியைச் சுமந்து திரிவதைத் தாம் ஏற்கவில்லை, உரிமம் பெற்றோர் மட்டுமே சுமக்க வேண்டும் என்று சாட்சியம் அளித்தார். அதே சங்கத்தின் 1977 மாநாடு சின்சினாட்டியில் நடந்தபோது, தலைமையகத்தைக் கொலராடோவுக்கு மாற்றி, வேட்டை, இயற்கைப் பாதுகாப்பு என்ற பழைய பாதையில் செல்ல எண்ணிய நிர்வாகிகளை, உறுப்பினர்கள் விடிய விடிய விவாதித்து அதிகாலை நான்கு மணி அளவில் பதவியிலிருந்து இறக்கினார்கள். இன்று உலகம் அறிந்த சங்கம் அந்த இரவில் பிறந்ததுதான்.

கருத்துக்கணிப்புகளும் அந்த மாற்றத்தைக் காட்டுகின்றன. 1999இல் துப்பாக்கி வைத்திருப்பதற்கு முதன்மைக் காரணமாக வேட்டையைச் சொன்னவர்கள் 49 விழுக்காடு, பாதுகாப்பைச் சொன்னவர்கள் 26. 2013இல் பாதுகாப்பு 48 ஆகவும் வேட்டை 32 ஆகவும் தலைகீழாகிவிட்டன. 2023இல் பியூ என்ற கருத்தாய்வு நிறுவனம் கேட்டபோது, பாதுகாப்பு முக்கியக் காரணம் என்று உரிமையாளர்களில் 72 விழுக்காட்டினர் கூறினார்கள். ஹெல்லர் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்கலியா, தாம் நியூயார்க்கில் பள்ளி மாணவராக இருந்தபோது சுடுதல் பயிற்சிக்காகச் சுரங்க ரயிலில் ரைபிளைக் கையில் எடுத்துக்கொண்டு பயணம் செய்ததை நினைவுகூர்ந்ததுண்டு. அப்போது உடன் பயணித்தவர்கள் அதைப் பார்த்து ஓடவில்லை. இன்று அதே ரயிலில் ஒரு மாணவன் ரைபிளுடன் ஏறினால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இளவெயினி:

சோலைமலை ஐயாவின் "விழுங்கிவிட்டது" என்ற திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். எப்படி விழுங்கியது என்பதற்கு ஏ.ஆர்.15 ஒன்று போதும். 1950களில் ஆர்மலைட் நிறுவனம் வடிவமைத்து, 1959இல் கோல்ட் நிறுவனத்துக்கு விற்ற இந்த ரைபிள், 1994 முதல் 2004 வரை இருந்த மத்தியத் தடை நீங்கிய பிறகு சந்தையை நிறைத்தது. அதன் ஒரு வகையை விற்ற நிறுவனம், "உங்கள் ஆண்மை அட்டை மீண்டும் வழங்கப்பட்டுவிட்டது" என்ற பொருள்பட விளம்பரம் செய்தது. மானும் இல்லை, காடும் இல்லை. தன் ஆண்மையில் ஐயம் கொண்ட இளைஞன்தான் அந்த விளம்பரத்தின் வாடிக்கையாளன். 2012 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் கொன்றவன் அந்த நிறுவனத்தின் ரைபிளையே பயன்படுத்தினான். 2005ஆம் ஆண்டின் சட்டம் துப்பாக்கி நிறுவனங்களுக்குக் கவசமாக நின்றதால், பெற்றோர்கள் விளம்பரத்தையே குற்றமாக்கி, கனெக்டிகட்டின் வணிக நெறிச் சட்டத்தின் கீழ் வழக்காடினார்கள். 2022இல், அந்த நிறுவனத்தைத் தன்வசம் வைத்திருந்த ரெமிங்டனின் காப்பீட்டாளர்கள் 7.3 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார்கள்.

வைகைக்கரையான்:

அச்சம் விற்கப்படுகிறது என்பதை ஏற்கிறேன். ஆனால் அதை வாங்குவோர் யார் என்பதைக் கவனியுங்கள். 2019 ஜனவரி முதல் 2021 ஏப்ரல் வரை முதன்முறையாகத் துப்பாக்கி உரிமையாளரானோர் ஏறத்தாழ 75 லட்சம் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் பாதிப் பேர் பெண்கள். ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர். இவர்களை "ஆண்மை அட்டை" விளம்பரம் இழுத்துவரவில்லை. அரசு தம்மைக் காக்காது என்று அனுபவத்தில் அறிந்தவர்கள் இவர்களில் பலர்.

அதே நேரத்தில், உரிமை ஏட்டில் இருப்பதற்கும் தெருவில் இருப்பதற்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். 1967 மே மாதத்தில், கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய கறுஞ்சிறுத்தைகள் இயக்கத்தினர், அன்றைய சட்டம் அனுமதித்தபடியே, ஏந்திய துப்பாக்கிகளோடு கலிஃபோர்னியச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார்கள். மூன்று மாதங்களுக்குள், பொது இடத்தில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியைச் சுமப்பதைத் தடைசெய்யும் சட்டத்தில் ஆளுநர் ரொனால்ட் ரீகன் கையொப்பமிட்டார். 2016இல் மினசோட்டாவில், முறையான உரிமம் பெற்றிருந்த ஒரு கறுப்பின இளைஞர், போக்குவரத்துச் சோதனையில் தம்மிடம் துப்பாக்கி இருப்பதைத் தாமே காவலரிடம் தெரிவித்தார். அடுத்த சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் காவலர் மறு ஆண்டு விடுவிக்கப்பட்டார்.

மலர்விழி:

நான் மருத்துவத் துறையில் பணியாற்றுபவள். நீங்கள் எல்லோரும் கொலையையும் உரிமையையும் பற்றியே எழுதுகிறீர்கள். 2023இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தோர் 46,728 பேர். அவர்களில் ஏறத்தாழ 27,300 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். பத்தில் கிட்டத்தட்ட ஆறு பேர். கூட்டக் கொலைகள் மொத்தத்தில் மிகச் சிறிய பங்கே. ஆனால் தொலைக்காட்சியில் வருவது அவைதான். வயோமிங், மொன்டானா போன்ற, சோலைமலை ஐயா வருணித்த வேட்டைப் பண்பாடு செழித்த மாநிலங்களில்தான் தற்கொலை விகிதம் மிக அதிகம். அன்பன் ஐயா தம் வீட்டைக் காக்க வாங்கியதாகச் சொல்கிறார். வெளியிலிருந்து வரும் ஆபத்துக்கு வாங்கியது, வீட்டுக்குள் மனமுடைந்து இருப்பவருக்கே முதலில் எட்டுகிறது.

இதில் பண்பாட்டை எதிர்க்காமல், அதன் உள்ளிருந்தே நடந்த ஒரு முயற்சியைக் குறிப்பிட விரும்புகிறேன். 2009இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஒரு வார காலத்துக்குள், ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிய மூவர் தற்கொலை செய்துகொண்டார்கள். செய்தி அறிந்து அதிர்ந்த கடை உரிமையாளரும் பொதுச் சுகாதாரத் துறையினரும் கைகோத்தார்கள். துப்பாக்கிக்காரர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் பாதுகாப்புக் கட்டளைகள் பத்து உண்டு. அவற்றோடு பதினொன்றாவது ஒன்றைச் சேர்த்தார்கள்: குடும்பத்தில் ஒருவர் தற்கொலை எண்ணத்தில் இருக்கக் கூடும் என்று தோன்றினால், நிலைமை சீராகும்வரை துப்பாக்கிகளை வீட்டுக்கு வெளியே வைத்துவிடுங்கள். அரசு பறிக்கும் என்று சொல்லியிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். நண்பரிடம் சிறிது காலம் கொடுத்து வையுங்கள் என்றபோது கேட்டார்கள். பின்னர் வேறு பல மாநிலங்களும் இதைப் பின்பற்றின.

டெக்சாஸ் அன்பன்:

அம்மா, நீங்கள் தந்த எண்ணிக்கையை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. என் துப்பாக்கி இரும்புப் பெட்டகத்தில், தோட்டா வேறோர் இடத்தில், இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டுடன் இருக்கிறது. "அப்படியானால் நள்ளிரவில் திருடன் வந்தால் அது எதற்கு உதவும்?" என்று எங்கள் ஊர் நண்பர்களே என்னைக் கேலி செய்வார்கள். நியாயமான கேலிதான். இருந்தாலும் பூட்டை எடுக்கப் போவதில்லை, துப்பாக்கியை விற்கப் போவதுமில்லை.

பரிதி:

மலர்விழி அக்கா, பிள்ளைகளை வேறொரு வீட்டுக்கு விளையாட அனுப்பும்போது "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?" என்று கேட்பது அங்கே அநாகரிகமாகக் கருதப்படுமா? அடுத்த மாதம் குடும்பத்தோடு வருகிறோம், அதனால் கேட்கிறேன்.

மலர்விழி:

கேளுங்கள் தம்பி. குழந்தை மருத்துவர்களே பெற்றோரிடம் அப்படிக் கேட்கச் சொல்கிறார்கள். நாய் இருக்கிறதா, நீச்சல் குளத்துக்கு வேலி இருக்கிறதா என்று கேட்கும் அதே மூச்சில், "துப்பாக்கி இருந்தால் பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை, வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் பெட்டகத்தையே திறந்து காட்டிவிடுவார்கள். அப்படியும் ஒருவர் முகம் சுளித்தால், பிள்ளைகளை உங்கள் வீட்டுக்கு வரவழைத்து விளையாட விடுங்கள்.